ஆடில்லாத நாற்பது வீடுகள்

எம்.ஃபில். ஆய்வுக்காக நான் தயாரித்த கேள்வித்தாளில் அறுபது கேள்விகள் இருந்தன. முதல் பக்கத்தில் பெயர், கதவு எண். அப்புறம் நிலம், கால்நடை, வருமானம். மழை பொய்த்த வருடத்தில் குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதுதான் தலைப்பு. கோவில்பட்டிக் கடைக்காரர் வீட்டுப் பெண் நான். அந்தத் தாள்களைத் தட்டச்சு செய்து வாங்கிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

புதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான்கு நாளில் நாற்பது வீடுகளை முடித்தேன். ஒரு வீட்டிலும் ஆடு இல்லை. "ஆடா? ஒரு குட்டி கூட கெடையாது டீச்சர்" என்று எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். கையில் ஃபைல் வைத்திருக்கும் பெண் என்றால் அந்த ஊரில் டீச்சர்தான். நானும் நாற்பது தாளிலும் சைபர் போட்டேன். தெருவெல்லாம் புழுக்கை கிடந்திருக்கிறது, தாளைவிட்டு நிமிர்ந்தால்தானே தெரியும்!

நான்காம் நாள் மதியப் பஸ்ஸைத் தவறவிட்டேன். சாயங்காலப் பஸ்ஸுக்காக நிற்கும்போது காட்டுப் பாதையில் புழுதி கிளம்பியது. ஆடுகள் ஊருக்குள் வந்து, வீடு வீடாகப் பிரிந்து நுழைந்தன. காலையில் என்னிடம் சத்தியம் செய்யாத குறையாக இல்லை என்று சொன்ன ஓர் அக்கா வீட்டுக்குள் மட்டும் எட்டு. மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் நான்.

"ஏன்க்கா பொய் சொன்னீங்க? என் படிப்பே இதுலதான இருக்கு!" என்று அவர் வாசலிலேயே கத்தினேன்.

அவர் பெரிய கூடையைக் கவிழ்த்துக் குட்டிகளை மூடியபடியே பேசினார். "இதே கேள்வியத்தான் ஏழைங்க லிஸ்டு எடுக்க வந்தவியளும் கேட்டாவ. ஆடு இருக்குன்னா லிஸ்டுல பேரை அடிச்சிருவாவன்னு ஊருல பேச்சு. எட்டு ஆட்ட வச்சிருந்தா நாங்க என்ன பண்ணையாரா? நீங்களும் பேரை எழுதிக்கிட்டுத்தான கேக்குதீங்க? ஒங்க படிப்புக்கு எங்க பாடு வேணுமா, பேரு வேணுமா?"

பஸ் வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்கக் கோபம் வெட்கமாகிவிட்டது. வீட்டுக்கு வரும் அரிசியே நின்றுபோகக்கூடிய கேள்வியை யாரோ ஒருத்தி வந்து கேட்டால் நானும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

என் நெறியாளரிடம், "பேர் எதுக்கு சார் எழுதணும்?" என்று கேட்டேன். "எல்லாரும் எழுதுறாங்க, நாமளும் எழுதுறோம்" என்றவர், தானே சிரித்துவிட்டு, "வரிசை நம்பர் போதும்மா" என்றார். நாற்பது தாளையும் கிழித்தேன். பெயரும் கதவு எண்ணும் போயின. அறுபது கேள்விகளுக்குப் பதிலாக ஒரே கேள்வி: நேற்று விடிந்ததிலிருந்து என்ன செய்தீர்கள்?

புதிய தாளை முதலில் அந்த அக்காவிடம்தான் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்கன உக்காருங்க" என்றார். ஆட்டுக்குக் கருவேலங்காய் உலுக்க யார் போனது, தண்ணீர் யார் சுமந்தது, எந்த ஆட்டை என்ன ஆத்திர அவசரத்துக்கு விற்றது என்று எல்லாம் வந்தது. மற்ற வீடுகளுக்கும் அவரே கூட வந்து, "நம்ம டீச்சர்தான், தைரியமாச் சொல்லுங்க" என்றார். ஆராய்ச்சி முறை என்று இன்று நான் வகுப்பில் எதைப் பேசினாலும் அது அந்த வாசலில் கற்றது. அந்த அக்காவை மனதுக்குள் கும்பிடாத நாள் குறைவு.

ஆய்வு முடியும் தறுவாயில், ஏழைகள் பட்டியல் தயாரிக்கும் அலுவலகத்தில் ஒருவர், "அந்தத் தாளையெல்லாம் குடும்மா, எங்க லிஸ்டோட ஒத்துப் பாத்துக்கிடுதோம்" என்றார். கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார். "எது யாரு வீடுன்னே தெரியலையே" என்று திருப்பித் தந்துவிட்டார்.

பஞ்சாயத்துச் சுவரில் பட்டியல் ஒட்டியதும் ஓடினேன். அக்காவின் பெயர் இருந்தது. அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

பக்கத்தில் வந்து நின்ற அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தன மாசமா வாரீங்க, ஒங்க பேரக் கேக்கவே இல்லையே?"

சொன்னேன். கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை, இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். ஒன்றுக்கும் நான் பொய் சொல்லவில்லை.