கைக்குதா, கைக்கலையா

எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த ஆய்வுத் தலைப்பைத் தமிழில் சொன்னால் ஒரே வரிதான்: குழந்தைகளின் காய்ச்சல் மாத்திரையில் கசப்புத் தெரியாமல் செய்வது. கேட்ட தோழிகள் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கொரோனா வந்துபோனதிலிருந்து எனக்கு வாசமும் தெரியாது, ருசியும் தெரியாது. காய்ச்சல் என்னவோ வந்த சுருக்கில் போய்விட்டது. போகும்போது நாக்கையும் மூக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. எங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சையை வாயில் போட்டால் கொட்டையுள்ள தண்ணீரை மெல்வது போலத்தான் இருந்தது.

தலைப்பை மாற்றிக் கேட்க கைடு மேடத்திடம் போய் நின்றேன்.

"தராசுக்கு நாக்கு இருக்கா? கரையுற வேகம் பார்க்கிற மெஷினுக்கு மூக்கு இருக்கா? அதெல்லாம் வேலை செய்யலையா? போ, போய்ப் பூச்சுக்கு எந்த பாலிமர் சரிப்படும்னு படி" என்றார். மேடம் பேச்சு எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் 'ஐயோ பாவம்' என்று சொல்லி வேறு தலைப்புக் கொடுத்திருந்தால் நான் அந்தப் பாவத்திலேயே படுத்துக் கிடந்திருப்பேன். அவருக்கு நான் பட்ட கடனில் அதுதான் முதல்.

வேலை இதுதான். பாராசிட்டமால் கடும் கசப்பு. அதன் பொடிக்கு, துகள் துகளாக, பாலிமர் பூச்சால் ஒரு சட்டை போட்டுவிட வேண்டும். எச்சிலில் அந்தச் சட்டை கரையக் கூடாது. இரைப்பையின் புளிப்பில் உடனே கரைய வேண்டும். பிறகு இனிப்பும் திராட்சை எசன்ஸும் கலந்து, வாயில் போட்டால் தானே கரைகிற மாத்திரையாக அழுத்த வேண்டும். சட்டை தடித்தால் மருந்து வெளியே வராது. மெலிந்தால் கசக்கும். கரைகிறதா என்பதை மெஷின் சொல்லிவிடும். கசக்கிறதா என்பதை நாக்குதான் சொல்ல வேண்டும்.

நெறிமுறைக் குழுவில் அனுமதி வாங்கி, ருசி பார்க்க ஆள் சேர்த்தேன். வகுப்புத் தோழிகள், அலுவலகத்தில் சிலர், நூலகத்து அக்கா, காலேஜ் பஸ் ஓட்டும் அண்ணன். நான் காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ் பிடித்துக் கம்பத்துக்கு வந்து அவருடைய வண்டியில் ஏறுவேன். "ஏத்தா, டவுன் பஸ்ஸு வந்தாத்தேன் காலேஜு தொறக்குமா?" என்று திட்டுவார். திட்டுவதற்காகவே வண்டியை நிறுத்தி வைத்திருப்பார்.

மாத்திரையை வாயில் வைத்து அரை நிமிடம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். விழுங்கக் கூடாது. துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, மார்க் சொல்ல வேண்டும். கசப்பே இல்லை என்றால் பூஜ்யம், தாங்க முடியாது என்றால் மூன்று. ஒத்திகை போல ஒரு சுற்று நடத்தினேன். எல்லோரும் பூஜ்யம். "மிட்டாய் மாதிரி இருக்குப்பா" என்றாள் ஒரு தோழி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மேடம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஒருத்தருக்குக்கூட லேசாக் கசக்கலையா?"

"இல்ல மேடம்."

"அப்ப இதை நான் நம்ப மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கெட்டது வந்தால் நம்புவீர்கள், நல்லது வந்தால் நம்ப மாட்டீர்களா என்று மனதுக்குள் சண்டை போட்டேன். ஆனால் அவர் கேட்டதில் ஒரு முள் இருந்தது. இந்த மாத்திரை கசக்காது என்று எழுதி, அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். என் நாக்கால் அதைச் சரிபார்க்கவே முடியாது. பொய்யாக இருந்தால் ஆய்வே பொய். இனி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், அதற்கு நேரமும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழிக்குழம்பு. அம்மா பரிமாறிவிட்டு நின்றுகொண்டே, "எப்படிடி இருக்கு?" என்று கேட்டார். கவலைப்படுவாரே என்று, ருசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதாக அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். "சூப்பரா இருக்கும்மா" என்றேன்.

அம்மா அசையவில்லை. "உப்பே போடலடி அதுல" என்றார்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கிள்ளு உப்பை என் தட்டில் போட்டுத் தன் கையாலேயே பிசைந்தார். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதான? எதுக்குடி பொய் சொல்லுற?"

"நீ சங்கடப்படுவன்னுதாம்மா" என்றேன். சொன்ன வாயோடு எனக்குப் பொறி தட்டியது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆசையாகச் செய்து கொண்டுவந்து நீட்டினால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வோம். நன்றாக இல்லையென்றால் 'பரவால்ல' என்போம். வாயில் வைக்கவே முடியாவிட்டால் 'ஒரு மாதிரி இருக்கு' என்போம். அதற்கு மேல் கடுமையான வார்த்தையைச் சாப்பாட்டின் முன்னால் எங்களுக்குப் பேசத் தெரியாது. நான் அந்த நாக்குகளிடம் போய் மூன்று மார்க் கேட்டிருக்கிறேன்!

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார். "உங்க அம்மாவுக்கு ஆராய்ச்சி பண்ணத் தெரிஞ்சிருக்கு. நாமளும் உப்பில்லாக் குழம்பு வைப்போம்" என்றார். சட்டையே போடாத சுத்த மருந்தை அதே அளவில் மாத்திரையாக்கி நடுவில் ஒன்றாக வைத்தோம்.

நூலகத்து அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துப்பிவிட்டு, "பரவால்லம்மா" என்றார். பஸ் அண்ணனின் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. கொப்பளித்தார், மறுபடியும் கொப்பளித்தார். "லேசா... ஒண்ணு போட்டுக்கத்தா" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "அண்ணே, அது வெறும் மருந்துண்ணே! எட்டிக்காயா கசக்கும். ஒண்ணு போடச் சொல்றீகளே, ஏன்ணே இப்படிப் பொய் சொல்றீக?"

அவர் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றார். "ஏத்தா, நாக்கு செத்துப்போன புள்ள நீயி. மாசக்கணக்கா ஒக்காந்து செஞ்சு கொண்டாந்து நீட்டுற. நீட்டிப்புட்டு அங்கன நின்னு என் மூஞ்சியவே பாக்குற. நல்லால்லைன்னு நான் எந்த வாயால சொல்லட்டும்?"

கோபம் போன இடம் தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இத்தனை பேர் எனக்காகக் கசப்பை அடக்கிக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். அவ்வளவு அன்பையும் வைத்து ஆய்வேட்டில் ஒரு வரைபடம்கூடப் போட முடியாது என்பதுதான் கொடுமை.

"இனிமே நீ அந்த ரூமுக்குள்ள வரக் கூடாது" என்று மேடம் சொல்லிவிட்டார். எங்கள் மாத்திரை, கடையில் வாங்கியது, சுத்த மருந்து எல்லாவற்றையும் எண் போட்டுக் கலந்தார். யார் செய்தது எது என்று ருசி பார்ப்பவர்களுக்குச் சொல்லவில்லை. நான் பக்கத்துத் தராசு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

பஸ் அண்ணனின் குரல் கதவைத் தாண்டி வந்தது. "யாரு மேடம் செஞ்சாக இத? வாயில வச்ச ஒடனே கைக்குது, பெறகுதேன் இனிப்பே வருது. இதப் பச்சப்புள்ளைக்குக் குடுத்தா குடுத்தவுக மூஞ்சியிலயே துப்பும்!" கைக்கிறது என்றால் எங்கள் ஊரில் கசக்கிறது.

பிறகு எண்ணைப் பார்த்தோம். என் மாத்திரைதான். மற்றவர்களும் இரண்டும் மூன்றுமாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். அறை வாங்கியது போலத்தான் இருந்தது. ஆனாலும், காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு நம்பக்கூடிய ஒரு நாக்கு கிடைத்தது. அந்த நன்றியை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் சரியாகத் தெரியவில்லை.

மேடம் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "வச்ச உடனே கசக்குதுன்னா சட்டை கரையலை, முன்னாலேயே கிழிஞ்சிருக்கு. மாத்திரை அழுத்துற மெஷின்லதான் கிழியுது." உருப்பெருக்கியில் பார்த்தால், அழுத்துவதற்கு முன் முழுசாக இருந்த துகள்கள் அழுத்திய பிறகு விரிசல் விட்டிருந்தன. அதுவரை நான் பூச்சை மாற்றி மாற்றிப் போட்டதெல்லாம் வீண் வேலை. அழுத்தத்தைக் குறைத்தால் மாத்திரை உதிர்ந்தது. கூட்டினால் சட்டை கிழிந்தது. துகள்களுக்கு நடுவே மெத்தை போல மிருதுவான ஒரு பொடியைச் சேர்த்துப் பார்த்து, அதன் அளவைச் சரிசெய்வதற்குள் எங்கள் தோட்டத்தில் ஒரு மகசூல் முடிந்து கொடி வெட்டும் அடுத்த கவாத்து வந்துவிட்டது.

கடைசிச் சுற்று அன்று மறுபடியும் தராசு அறை. தராசின் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திடீரென்று மேடம் கத்தினார்: "அரை நிமிஷம் ஆச்சு, துப்புங்கண்ணே! துப்புங்க!"

"என்னத்தத் துப்ப மேடம்? முழுங்கிட்டேனே!"

ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிற அளவுதான், ஆபத்து இல்லை. ஆனாலும் மேடம் அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அசையவிடவில்லை. வெளியே பஸ்ஸில் ஏறியவர்கள் கூப்பாடு போட்டார்கள். கதவைத் திறந்து வந்த என்னைப் பார்த்ததும் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் புள்ள யாரோ, அது பரீச்சையக் கெடுத்துப்புட்டேனாத்தா?" என்று கேட்டார். எண்ணைப் பார்த்து வந்த மேடம் என்னைக் கைகாட்டினார்.

விதி விதிதான். அவருடைய மார்க்கைக் கணக்கில் சேர்க்க முடியாது. மற்றவர்கள் சொன்னதை வைத்தே ஆய்வு நின்றது. சுத்த மருந்துக்கு அவர்கள் தயங்காமல் மூன்று போட்டார்கள், என் மாத்திரைக்குப் பூஜ்யமும் ஓரிரு ஒன்றும். மாத்திரையைத் துப்பாமல் விழுங்கிவிட்டதால் தன்னார்வலர் ஒருவரின் மதிப்பெண் நீக்கப்பட்டது என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதினேன். அதை எழுதும்போது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். சரியாக அந்த வரியில் விரலை வைத்தார்.

"துப்பச் சொல்லித்தானே கொடுத்தீங்க? ஏன் விழுங்கினார்?"

இங்கிலீஷில் சொல்லத் தயாராக வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"கைக்கல சார்" என்றேன்.