தை அமாவாசைக்கு வந்து படுத்த சீல்

இந்த அமெரிக்கா குளிருன்னாலே எனக்கு அலுப்பு. உள்ள ஒண்ணு, மேல ரெண்டு ஸ்வெட்டர், அதுக்கு மேல எம்மவனோட பழைய ஜாக்கெட்டு, புடவைக்குள்ள ஒரு பேன்ட்டு. இத்தனையும் மாட்டி முடிக்கிறதுக்குள்ளயே போதும் போதும்னு ஆயிடும். அப்புறம் எங்க வெளிய கெளம்புறது? ஆனா போன தை அமாவாசைக்குக் கெளம்பியே ஆவணும்னு நான்தான் அடம் புடிச்சேன்.

எங்க வீட்டுக்காரருக்கு வருஷத் தெவசம் முடிஞ்சு வந்த மொத தை அமாவாசை அது. கடல்ல நின்னுதான் அவருக்கு எள்ளும் தண்ணியும் எறைக்கணும்னு சொன்னேன். மருமக சொன்னா, "அத்தை, பிரிட்ஜ்வாட்டர் கோயில்லயே குடுத்துடலாமே. பார்க்கிங் இருக்கு, ஹீட்டர் இருக்கு."

"ஹீட்டரு எனக்கா, உங்க மாமாவுக்கா?"ன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டா. நல்ல பொண்ணுதான், வாய்தான் என்னைய மாதிரி.

ஏன் கடல்னு சொல்றேன். எம்மவன் சின்னதா ஒரு மோட்டார் போட்டு வச்சிருக்கான். லீவு நாளுல தூண்டி போடறதுக்கு. எங்க வீட்டுக்காரரு இங்க வந்து வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்து, டிவியப் பாத்துப் பாத்து அலுத்துப் போயி, கடைசியில அந்தப் போட்டுலதான் மனுஷனா ஆனாரு. பக்கத்துப் போட்டுக்கார வெள்ளக்காரரு ஒருத்தரு இருக்காரு, வயசானவரு. இவருக்கு அவரு பேசறது புரியாது, அவருக்கு இவரு பேசறது புரியாது. மணிக்கணக்கா பேசிட்டு வருவாங்க. என்னாங்க பேசினீங்கன்னு கேட்டா, "எல்லாம் மீனப் பத்தித்தான்"பாரு.

குளிர் காலத்துல அந்தத் தண்ணிக்கு சீல் வரும். நாய் மூஞ்சி, மீன் உடம்பு. கரையில வாழப்பழம் மாதிரி வளைஞ்சு படுத்துக்கும். தூண்டியில மாட்டின மீன அது பாதியிலயே புடுங்கித் தின்னுடும்னு இவருக்கு அது மேல ஒரே காண்டு. "திருட்டுப் பய"ன்னுதான் பேரு. ஆனா எம்மவனும் அந்த வெள்ளக்காரரும் போட்டுக்காரங்க க்ரூப் ஒண்ணுல இருக்காங்க. கடலுக்குப் போறவங்க, தூண்டி போடறவங்க, எல்லாரும் எந்த எடத்துல எத்தன சீல் படுத்திருக்கு, நல்லா இருக்கா, அடி பட்டிருக்கான்னு தூர இருந்தே பாத்து, போட்டோ எடுத்து அனுப்புவாங்க. இவரும் போவப் போவ அதுலயே எறங்கிட்டாரு. எம்மவனுக்கு முன்னாடி இவரு கண்ணுதான் கண்டுபுடிக்கும். "அங்க பாரு, உன் திருட்டுப் பய"ன்னு காட்டுவாராம்.

அதுல ஒரே ஒரு சட்டம். சீலு தலையத் தூக்கி உன்னப் பாத்துச்சுன்னா நீ ரொம்பக் கிட்ட போயிட்டேன்னு அர்த்தம், திரும்பிடணும். இத வீட்டுல வந்து எனக்கு ஆயிரம் வாட்டி சொன்னாரு. எனக்கு எதுக்கு சொன்னாரோ, நான் சமையக்கட்டுல இருக்கேன்.

அவரு போனதுக்கப்புறம், அந்தக் குளிர் காலத்துல, ஒரு சீலு கழுத்துல தூண்டி நரம்பு மாட்டி சதைய அறுத்துட்டு இருக்குன்னு க்ரூப்ல வந்துச்சு. எல்லாரும் தேடினாங்க. தண்ணியில தலைய மட்டும் காட்டும், மறைஞ்சிடும். கரைக்கு ஏறினாத்தான் புடிச்சு அறுத்து விட முடியும். எம்மவன் வாரா வாரம் போயிட்டு மூஞ்சத் தொங்கப் போட்டுட்டு வருவான்.

சரி, தை அமாவாசைக்கு வரேன். போட்டு எறக்குற சரிவுன்னு ஒண்ணு இருக்கு, அங்கதான் தண்ணிகிட்ட எறங்க முடியும். மத்த பக்கமெல்லாம் பாறை, அதும் மேல ஐஸு. ஐயரு போன்லயே வீடியோவுல வந்து மந்திரம் சொல்றேன்னு டைம் குடுத்திருந்தாரு. அன்னிக்கு அவருக்கு எத்தன வீடு! நமக்கு பதினோரு மணி. தவறிட்டா நாம கடைசியாம், கடைசின்னா எப்பன்னு அவருக்கே தெரியாதாம்.

கார விட்டு எறங்கிப் பாத்தா, அந்தச் சரிவு மேலயே வளைஞ்சு படுத்திருக்கு ஒரு சீலு.

எம்மவன் வேட்டிய ஒரு கையில புடிச்சுக்கிட்டு போன்ல பெருசு பண்ணிப் பாத்தான். "அம்மா, அதேதான்மா. கழுத்தப் பாரு." போன் அடிச்சான். அடிபட்ட சீலக் காப்பாத்துறதுக்குன்னே இருக்கற ஆளுங்க, கெளம்பிட்டோம், வர வரைக்கும் யாரையும் கிட்ட விடாதீங்க, நீங்க அங்கயே நில்லுங்கன்னுட்டாங்க. நான் சும்மா ரெண்டு அடி வச்சேன். தலையத் தூக்குச்சு.

"அம்மா! பின்னாடி வா!"

வந்தேன். முட்டி வலி ஒரு பக்கம், காத்து ஒரு பக்கம். வருஷம் பூரா இந்த ஒரு நாளுக்காகத்தான நான் காத்துக்கிட்டிருந்தேன். வேற ஒண்ணும் கேக்கல யாரையும். கண்ணு கலங்கிடுச்சு எனக்கு.

"வேற பீச்சுக்குப் போலாம்டா."

"நான் போயிட்டா நாயக் கூட்டிட்டு யாராவது வருவாங்கம்மா. அது தண்ணிக்குள்ள போயிடும். அப்புறம் செத்துடும்."

"அப்ப உங்கப்பா?"

மருமக மெதுவா, "மாமா இருந்தா என்ன பண்ணியிருப்பாரு அத்தை?"ன்னா.

"அவரு இருந்தா நான் எதுக்கு இங்க வந்து நிக்கப்போறேன்?"னு கத்திட்டேன். அப்புறம் பாவமா இருந்துச்சு. அது தலையத் தூக்கினப்பவே அவரு திரும்பியிருப்பாருன்னு எனக்கும் தெரியாதா என்ன.

அப்பதான் அந்த வெள்ளக்காரரு வண்டியில வந்தாரு, க்ரூப்ல பாத்துட்டு. எம்மவன் கடல் தண்ணி வேணும், இன்னிக்கு அப்பாவோட நாள்னு இங்கிலீசுல சொன்னான். அவரு ஆணி வச்ச பூட்ஸ மாட்டிக்கிட்டு, பாறைக்குப் பின்னாடி, சீலு கண்ணுல படாம சுத்திப் போயி, ஒரு பக்கெட்டு நெறைய தண்ணி மொண்டுட்டு வந்தாரு. பக்கெட்ட மோந்து பாத்தேன். தூண்டிக்குப் போடற குட்டி மீனு வைக்கிற பக்கெட்டு! ஐயோன்னு ஆயிடுச்சு.

அதுக்குள்ள ஐயரு வந்துட்டாரு போன்ல. "தெற்க பாத்து உக்காருங்கோ." தெக்க பாத்தா கார் பார்க்கிங்குதான் தெரியுது, கடலு முதுகுக்குப் பின்னாடி. "தீர்த்தம் எங்க? அது என்ன பக்கெட்?"

நான்தான் சொன்னேன், "மீன் பக்கெட்டு சாமி."

ஐயரு மூஞ்சி போன்ல அப்படியே நின்னுடுச்சு. நெட்டு போயிடுச்சுன்னு நெனச்சேன். "கழுவினேளா?"

"கடல் தண்ணியில கழுவித்தான் மொண்டாரு. மீன் வாசன இல்லாம எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வேள சோறு எறங்காது சாமி. நீங்க சொல்லுங்க."

மருமக வாயப் பொத்திக்கிட்டா. ஐயரு தொண்டையக் கனைச்சிட்டு மந்திரத்த ஆரம்பிச்சிட்டாரு. எம்மவன் எள்ளும் தண்ணியும் தாம்பாளத்துல விட்டான். அந்த வெள்ளக்காரரு குல்லாவக் கழட்டிட்டு, எங்களுக்கு முதுகக் காட்டி நின்னு, நாய் எதுவும் வராமப் பாத்துக்கிட்டாரு.

முடிச்சு ரொம்ப நேரம் கழிச்சு அந்த ஆளுங்க வந்தாங்க. காருக்குள்ள ஹீட்டரப் போட்டுக்கிட்டு நான் பாதி தூங்கிட்டேன், உள்ளத சொல்றேன். வலையப் போட்டு அமுக்கி, கத்தரியால நரம்ப அறுத்து, மருந்து வச்சு விட்டாங்க. அது திரும்பிக்கூடப் பாக்காம தத்தித் தத்தித் தண்ணிக்குள்ள போயிடுச்சு. எம்மவன் சின்னப் புள்ள மாதிரி கையத் தட்டுறான், வேட்டியெல்லாம் சேறு.

அப்புறம் சரிவு காலி. அவன் கையப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு அடியா எறங்கி, தாம்பாளத்துத் தண்ணிய நானே கடல்ல விட்டேன். எள்ளு கொஞ்சம் மெதந்துச்சு, போயிடுச்சு. ஒரு வருஷக் களைப்பும் அப்பதான் உடம்புல தெரிஞ்சுது, அங்கயே உக்காந்துடலாம் போல.

நிமிந்து பாத்தா, கொஞ்ச தூரத்துல தண்ணிக்கு மேல ஒரு தல. என்னையவே பாக்குது.

"சரி சரி, போறேன்"னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன்.