பெரிய காவடி வேண்டாம் என்று எழுதினேன்

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலையை விட்டுவிட்டு, அண்ணனோடு அலுமினியக் காவடி செய்து இணையத்தில் விற்க ஆரம்பித்தேன். அந்த வருடத் தைப்பூசத்துக்குள் விற்காவிட்டால் மீண்டும் தொழிற்சாலைதான்.

எங்கள் இணையப் பக்கத்தில், விலைக்கும் மேலே இப்படி எழுதினேன்: தோள் அகலத்தை அளந்து பாருங்கள். பாரத்தோடு நடந்து பழகுங்கள். முதல் முறை எடுப்பவர் பெரிய காவடி வாங்க வேண்டாம்.

அண்ணன் கொதித்தார். “பெருசுலதான் லாபம்லா! வியாபாரத்துக்கு வந்துட்டு வாங்காதேங்கிறியே, பைத்தியமா? அழிச்சிரு.”

“அழிக்க மாட்டேன் அண்ணே. தண்ணீர்மலைக் கோயில் ஏத்தத்துல காவடிய நீங்களா வந்து தூக்கப் போறீங்க?”

வாரக்கணக்கில் ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. அண்ணன் என்னோடு பேசுவதையே நிறுத்தினார். நான் பக்கத்தில் அளவு, பாரம் பற்றிய குறிப்புகளை எழுதுவதை நிறுத்தவில்லை.

பிறகு நிபோங் திபாலிலிருந்து ஓர் அக்கா கணவரோடு நேரில் வந்தார். கணவரின் கண் பெரிய காவடிமேலேயே இருந்தது.

“இவரு முதல் தடவ எடுக்கிறாரும்மா. மத்தவங்க பெருசத்தான் தலையில கட்டப் பாக்குறாங்க. நீங்க மட்டுந்தான் வேணாம்னு எழுதியிருக்கீங்க. சின்னதே குடுங்க, இவரு தம்பிங்களுக்கும் சேத்து.”

அண்ணன் அளவு நாடாவை எடுத்து வந்தார்.

அவர்கள் சொல்லிப் பலர் வந்தார்கள். நான் தொழிற்சாலைக்குத் திரும்பவில்லை. ஆள் இழுக்கிற மாதிரி எழுது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். சுமக்கப்போகிற தோளை நினைத்துத்தான் எழுதுவேன்.