தீக்கும் சாவுக்கும் வருவார்கள்

அரசாங்கத்தார் வகுத்த வரிசையில் வாளேந்தியவனுக்கு அடுத்த படி உழவனுக்குத்தான். தச்சனும் வியாபாரியும் அவனுக்குக் கீழே. கேட்கக் காது குளிரும். அந்த இரண்டாம் படியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அதிகாரி குதிரையைக் கண்டாலே நெற்றியை மண்ணில் வைத்துப் பழகியவள் ஓதகி. நெல்லை நட்டாள், அறுத்தாள், குத்தினாள், பிரபுவின் களஞ்சியத்துக்கு மூட்டை கட்டினாள். தின்றதோ தினையும் முள்ளங்கித் தழையும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். அங்கே உழக்கு மிஞ்சினாலும் அதையும் வந்து அள்ளிப் போனார்கள்.

அதனால் ஊரார் மலைக்குப் பின்னால் ஒரு வயலை ஒளித்து வைத்திருந்தார்கள். எந்த நில அளவையிலும் வராத வயல். எல்லா வீட்டுக்கும் அதில் பங்கு. பஞ்ச காலத்தில் பிள்ளைகள் பிழைத்துக் கிடந்தது அதனால்தான். நெல்லை எப்படியும் மறைத்துவிடலாம். வைக்கோலை மட்டும் மலையிலேயே எரித்துவிட வேண்டும் என்பது ஊர்க்கட்டு. எத்தனை வயலுக்கு எவ்வளவு வைக்கோல் என்பது வரி அதிகாரிக்கு அத்துப்படி.

ஓதகியின் புருஷன் மோஹெய் பேராசைக்காரன் அல்ல. கூரை ஒழுகியது, மகள் கினு தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். நல்ல வைக்கோலைக் கொளுத்த மனம் வராமல் ஒரு சுமை கொண்டுவந்து முற்றத்தில் போட்டான். அறுப்பு முடிந்து அதிகாரி வந்தார். அவர் பாட்டுக்குத்தான் கடந்து போனார். யாரும் கேட்காமலே மோஹெய் வாயைத் திறந்தான். “அது போன வருஷத்து வைக்கோலுங்க.” எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அதிகாரி திரும்பி வந்து ஒரு தாளை உருவி முகர்ந்து பார்த்தார்.

வயல் போயிற்று. ஊர்த்தலைவர் ஜின்சயெமோனின் தம்பியைக் கோட்டைக்குக் கட்டி இழுத்துப் போனார்கள். அவன் சிறையிலேயே செத்தான். ஊர் கூடி மோஹெய் வீட்டை விலக்கி வைத்தது. பத்துக் காரியத்தில் எட்டுக்கு யாரும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. பிறப்பு, கல்யாணம், நோய், வெள்ளம், எதற்கும். மிச்சம் இரண்டு: தீயும் சாவும். தீ அடுத்த கூரைக்குத் தாவும், பிணம் நாறும். இரக்கத்தால் விட்டுவைத்த இரண்டல்ல அவை.

பனிக்காலத்தில் கினுவுக்கு வலி கண்டது. ஒரு முழு இரவு கடந்தும் குழந்தை வரவில்லை. விடிந்ததும் ஓதகி மருத்துவச்சி ஓகுமாவின் வாசலில் போய் நின்றாள். கினுவையே இந்த உலகுக்கு இழுத்துப் போட்டவள் ஓகுமாதான்.

“அக்கா, புள்ள குறுக்க கெடக்கு. உங்க கை பட்டாத்தான் திரும்பும்.”

ஓகுமா தலை நிமிரவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நான் யாருகிட்டயும் பேசல. பேசினா என் வயலுக்கும் தண்ணிய அடைச்சிருவாங்க. எனக்கும் பேரப்புள்ளைங்க இருக்கு.”

வழியில் போன ஒருத்தி நின்று, “வைக்கோலு இருக்குல்ல, அதக் கூப்பிட்டு பிரசவம் பாக்கச் சொல்லு” என்றாள்.

ஓதகி வீட்டுக்கு வந்தாள். மோஹெயோடு சேர்ந்து கினுவைப் பாயோடு தூக்கி முற்றத்துக் கொட்டகையில் கிடத்தினாள். பிறகு அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை உருவினாள்.

“என்னடி செய்யற? வீட்டக் கொளுத்தினா உசுரோட எரிச்சிருவாங்கடி.”

“எரிக்கட்டும். மொதல்ல வரட்டும்.”

அந்த வைக்கோலால் வேய்ந்த புதுக்கூரை நன்றாகப் பற்றியது. மணி அடித்தது. ஊரே வாளியும் கொக்கியுமாக ஓடி வந்தது. வாளியோடு ஓகுமாவும் வந்தாள். ஓதகி அவள் கையைப் பற்றிக் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். பாவம், ஓகுமாவின் கைகளுக்கு ஊர்க்கட்டு தெரியவில்லை. அவை தாமாகவே கினுவின் வயிற்றைத் தடவின.

“திருப்பிரலாம்” என்றாள் மெதுவாக. “தலை இங்கதான் இருக்கு.”

ஓதகிக்கு அழுகை முட்டியது. அத்தனை மாதத்தில் அவளிடம் ஊரில் ஒருவர் கனிவாகப் பேசிய முதல் பேச்சு அது.

கொட்டகை வாசலில் ஜின்சயெமோன் வந்து நின்றார். “தீ அணைஞ்சிருச்சு. வந்த வேல முடிஞ்சுது. அவங்கவங்க வீட்டுக்குப் போங்க.”

“ஐயா, கொஞ்ச நேரம்…” என்றாள் ஓகுமா.

“உன் வீட்டையும் சேத்து விலக்கணுமா? என் தம்பிக்கு யாரு கொஞ்ச நேரம் குடுத்தா?”

ஓகுமா தன் கைகளைப் பார்த்தாள். கினு அவள் அங்கியின் கைநுனியைப் பிடித்திருந்தாள். ஓகுமா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

பொழுது சாயும் முன் கினு போய்விட்டாள். குழந்தையும் அவளோடு.

மறுநாள் காலையில் ஊர் முழுவதும் வந்தது. ஒரு வீடு பாக்கியில்லை. ஆளுக்கொரு பிடி வெள்ளை அரிசி கொண்டுவந்தார்கள். ஆண்கள் உறைந்த மண்ணைக் கொத்திக் குழி வெட்டினார்கள். ஓகுமா வெந்நீர் வைத்து, விம்மி விம்மி அழுதபடி, கினுவைப் பக்குவமாகக் குளிப்பாட்டினாள். தலைமாட்டில் சோற்றைக் குவித்து வைத்தார்கள். கினு உயிரோடு இருந்தவரை அவள் கிண்ணத்தில் அவ்வளவு வெள்ளைச் சோறு விழுந்ததே இல்லை.

வந்தவர்களை வணங்கி அனுப்புவது முறை. ஓதகி ஒவ்வொருவர் முன்னும் நெற்றியைத் தரையில் வைத்தாள். கடைசியாக ஜின்சயெமோன். அவரும் பதிலுக்கு நன்றாகவே குனிந்து வணங்கினார்.

“ஐயா, நாளைக்கு நானும் அவரும் போயிட்டாலும் இப்படி வருவீங்களா?”

ஜின்சயெமோனின் கண் கலங்கியது. “வராம இருப்போமாம்மா? அதுல எல்லாம் ஊரு ஒரு கொறயும் வைக்காது.”