ரஃபீக் பாய் ஒளித்து வைத்த டச்சு வார்த்தைகள்

கம்ப்யூட்டர் டச்சு மொழியை வாசிக்கும்போது நீளமான கூட்டு வார்த்தைகளைச் சரியாகப் பிரிக்கிறதா, சரியான அசையில் அழுத்தம் கொடுக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் டீமின் வேலை.

மனைவி திவ்யா இறந்துபோன பிறகு இன்றுதான் அமெரிக்காவில், ரவுண்ட் ராக் ஊரில் இருக்கும் எங்கள் ஆபீசுக்குத் திரும்பினேன்.

சரிபார்க்க எனக்கு வந்ததெல்லாம் பிறந்தநாள் பரிசு, கோடை விடுமுறை மாதிரி வார்த்தைகள்தான்.

பக்கத்து சீட் ரஃபீக் பாயிடம் கேட்டேன். "பாய், சாவு சம்பந்தப்பட்டதெல்லாம் எங்க?"

"அத நான் பாத்துக்கறேன்டா. உனக்கு எதுக்கு?"

"ஒண்ணாவது குடுங்க பாய். எல்லாரும் என்னை நோயாளி மாதிரியே பாக்கறீங்க."

தயங்கித் தயங்கி ஒன்றை அனுப்பினார். பெ-ஹ்ரா-ஃபெ-னிஸ்-ஒன்-டெர்-நே-மெர். இறுதிச் சடங்கை நடத்திக் கொடுப்பவர் என்று அர்த்தம். அழுத்தம் 'ஹ்ரா'வில் விழ வேண்டும். கம்ப்யூட்டர் 'நே'வில் அழுத்தியது. திருத்தி மறுபடி ஓடவிட்டேன். சரியாகச் சொன்னது.

அழுகை வருமென்று இரண்டு பேரும் காத்திருந்தோம். எனக்கு வரவில்லை.

பாய்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீ எடுத்துட்டு வரேன்டா," என்று எழுந்து போனார். இன்னும் திரும்பவில்லை.

நண்பர்களே, திவ்யா இறந்த அன்றைக்கு நீங்களெல்லாம் என்னிடம் ஆறுதலாக ஏதேதோ சொன்னீர்கள். எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. யாராவது மறுபடி சொல்லுங்களேன், பாய்க்குத் தேவைப்படுகிறது.