அம்மா முகத்துக்கு வேண்டிய புள்ளிகள்

அம்மாவின் முதலாண்டுத் திதிக்குப் படம் மாட்ட வேண்டியிருந்தது. எங்கள் போடியில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்டுடியோக்காரர் பழைய படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருக்கும் பட்டுச்சேலை உடம்பில் ஒட்டித் தருவார். எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் ஒரே அரக்குப் பட்டு, ஒரே சங்கிலி. முகம்தான் வேறு.

எனக்கு அது வேண்டாம். அம்மா சிரிக்கும் படம் ஒன்றே ஒன்று. ஏலத்தோட்டத்தில் கங்காணி எடுத்தது. தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு, பக்கத்தில் ஜீப்பு. பிரிண்டைச் செல் அரித்துவிட்டது. நெகட்டிவ் மட்டும் என் டைரி உறையில் பத்திரமாக இருந்தது.

ஸ்டுடியோவுக்கு அண்ணனும் வந்தார். ஸ்கேன் செய்து பெரிதாக்கியதும் அம்மாவின் முகம் திரையில் கட்டம் கட்டமாகச் சிதறியது.

"மொகமே தெரியல. பேசாம வேற படத்துத் தலைய எடுத்துப் பட்டுல ஒட்டிருங்க தம்பி," என்றார் அண்ணன். வருத்தத்தைவிட நிம்மதிதான் அந்தக் குரலில் அதிகம்.

நான் ஸ்டுடியோக்காரரிடம் கேட்டேன்: "எத்தனை வச்சு ஸ்கேன் பண்ணீங்க?"

"முந்நூறுக்கா. பிரிண்டுக்கு எப்பவும் முந்நூறுதான்."

அங்கேதான் தவறு. காகிதத்தில் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி சரி. ஆனால் நெகட்டிவின் நீளம் முப்பத்தாறு மில்லிமீட்டர். ஒன்றரை அங்குலம்கூட இல்லை. முந்நூறு வைத்தால் நீளவாக்கில் நானூற்று இருபத்தைந்து புள்ளிதான் கிடைக்கும். பன்னிரண்டு அங்குலப் படத்துக்கு மூவாயிரத்து அறுநூறு வேண்டும். அத்தனையையும் அந்தச் சின்னத் துண்டிலிருந்து எடுக்க, அங்குலத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பது. டைரியில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"சாப்ட்வேர்ல பெருசாக்கிக்கலாம்க்கா."

"இல்லாத புள்ளிய அது தானா வரையும் தம்பி. எங்கம்மா மொகத்த அது பாத்ததில்ல."

"சோலி கெடக்கு, வெரசா முடிங்க," என்றார் அண்ணன்.

மூவாயிரத்து இருநூறு வைக்கச் சொன்னேன். ஸ்கேனர் ஊர்ந்தது. நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. மூக்குத்தி வந்தது, சிரிப்பு வந்தது, விரல்களில் ஏலக்காய்க் கறை வந்தது. ஃபிலிமின் சொரசொரப்பும் கூடவே வந்தது. அதை வழிக்க வேண்டாம் என்றேன்.

அண்ணன் குனிந்து பார்த்தார். "சாக்குல்ல தெரியுது. அம்மா கூலிக்குப் போச்சுன்னு செவுத்துல எழுதி மாட்டணுமாத்தா?"

"போச்சுல்லண்ணே. இருவது வருசம் போச்சு. தெரியட்டும்."

திதியன்று அண்ணன் வீட்டுக்குப் படத்தை நானே தூக்கிப்போய், ஆணியும் நானே அடித்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால், கைப் பருமனில் ஒரு சம்பங்கி மாலை. அம்மாவின் கழுத்திலிருந்து முழங்கால்வரை எதுவுமே தெரியவில்லை. சொந்தக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மாலையை இறக்கி, நடுவில் வெட்டி, சட்டத்தின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டேன்.

"என்னத்தா இது?" என்றார் அண்ணன்.

"மறைக்குதுண்ணே," என்றேன்.