கரண்ட் பில்லை ஒப்பிட்டுக் கொடுத்தவன்

பின்கோடு

“ஆறு, ஒண்ணு, நாலு…” என்று சந்தானம் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டிருந்தேன். ஆறு எண்களும் முடிந்ததும் பெட்டி சிவப்பாகி, செல்லாது என்றது. மறுபடி அடித்தேன். மறுபடியும் சிவப்பு. ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் தொழிலில் முதலில் படிக்கிற பாடம், பெட்டி நிறையாமல் அடுத்த பக்கம் திறக்காது என்பதுதான். அதற்கு மேல் எதையும் படிக்காமல் பலர் காலத்தை ஓட்டிவிடுகிறோம். நானும் ஓட்டினேன்.

சந்தானம் பஞ்சாயத்து ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே வீட்டுக்குக் கரண்ட் தர நிறைய கம்பெனிகள் உண்டாம். யார் குறைந்த விலைக்குத் தருகிறார்கள் என்று ஓர் இணையதளத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, கம்பெனியை மாற்றிக்கொள்வார்களாம். அப்பாவும் அப்படிச் செய்யட்டும் என்று அந்தத் தளத்தின் முகவரியை அனுப்பியிருந்தான். மன்னார்குடியில் என் கடையில் மூன்று கம்ப்யூட்டர்களும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் உண்டு. இங்கிலாந்துப் பின்கோடில் எழுத்துகளும் சேர்ந்து வரும் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. நம் ஊரில் ஒரே கம்பி, ஒரே வாரியம், ஒரே விலைப்பட்டியல் என்று எடுத்துச் சொன்னேன். அவருக்குத் தெரியாத விஷயமல்ல. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அப்ப நம்மளை யாரும் போட்டி போட்டுக் கூப்பிட மாட்டாங்க. அதைத்தானே சொல்றீங்க?”

எந்தத் தளம்

கம்பிக்குத்தான் போட்டி இல்லை. மொட்டைமாடிக்கு இருந்தது. மாடியில் சோலார் பலகை போட்டால் பில் குறையும் என்ற பேச்சு ஊருக்குள் வந்ததும், பலகை விற்கும் கம்பெனிகளின் விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் தளங்களும் கூடவே வந்துவிட்டன. சந்தானத்துக்காகத் தேடியபோது மூன்று கிடைத்தன. ஒன்றில் முழுக்க ஆங்கிலம். இன்னொன்று வாசலிலேயே ஆதார் கேட்டது. மூன்றாவதில் தமிழ் இருந்தது, பச்சைப் பொத்தான் இருந்தது, தொட்டவுடன் திறந்தது. அதையே வைத்துக்கொண்டேன். அதை யார் நடத்துகிறார்கள், சும்மா காட்டுவதில் அவர்களுக்கு என்ன வரும்படி, எந்த ஊர் வழக்கப்படி கேள்வி கேட்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கவில்லை.

இப்படி ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் நீங்கள் என்றால் என் நிலைமை உங்களுக்குப் புரியும். எதிரே நாலு பேர் நிற்கும்போது சீக்கிரம் திறக்கிற பக்கம்தான் நல்ல பக்கம். என் கடையில் டைப் அடிக்கும் மல்லிகாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

“சீக்கிரம் தொறக்குதுங்கிறதுக்காக எந்த வீட்டுக்குள்ள வேணா நுழைஞ்சிடுவீங்களா சார்?”

வந்து விசாரித்தவர்கள்

ஜமால் பாய் முத்துப்பேட்டையில் வலைக்கயிறு கடை வைத்திருக்கிறார். மன்னார்குடிக்குச் சரக்கு எடுக்க வந்தவர், சந்தானம் சொல்லி என்னிடம் வந்தார். போன் நம்பர் கொடுத்தால்தான் தளம் விலையைக் காட்டும். கொடுத்தார். விலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் அழைப்பு வந்துவிட்டதாம். அப்புறம் இந்தியில் ஒருவர், ஆங்கிலத்தில் ஒரு பெண், தமிழில் ஒரு பதிவு செய்த குரல். வெள்ளிக்கிழமை தொழுகையில் இருக்கும்போது பை அதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம்.

அடுத்த வாரம் கடை வாசலில் நின்றபடியே, செருப்பைக்கூடக் கழற்றாமல், போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். எடுக்காமல் விட்ட அழைப்புகள் சிவப்புச் சிவப்பாக வரிசை கட்டியிருந்தன. வேறு யாராவது என்றால் திட்டியிருப்பார்கள்.

“என் மூணு பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடுனேன் தம்பி, அப்பகூட இத்தனை பேர் வந்து விசாரிக்கலை.”

விலை இல்லாதது

ஆர்வம் தலைக்கேறிய நாட்களில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களைக்கூட விடாமல் உட்கார வைத்தேன். சிட்டா நகல் எடுக்க வந்த ஒரு விவசாயியிடம், “உங்க கரண்ட் செலவு எவ்வளவுன்னு பாத்துடலாமா?” என்று கேட்டேன். அவரும் மரியாதைக்காக உட்கார்ந்தார். மாதப் பயன்பாடு, வீட்டில் எத்தனை பேர், கூரை எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். கடைசியில்தான் தெரிந்தது, அவர் சொல்லிக்கொண்டிருந்தது வயலில் இருக்கும் போர் மோட்டாரின் கணக்கு. விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். நகலை மடித்துத் துண்டுக்குள் செருகிக்கொண்டு எழுந்தார்.

“விலையே இல்லாததுக்கு எதைத் தம்பி ஒப்பிடுவீங்க?”

வெள்ளை அட்டை

வசந்தா வந்தது ஆடி மாதம், ஆற்றில் தண்ணீர் வந்திருந்த சமயம். கையில் மீட்டர் பக்கத்தில் தொங்கும் வெள்ளை அட்டை. ரீடிங் எடுக்க வருபவர் யூனிட்டை எழுதிவிட்டுப் போகும் அந்த அட்டை எல்லார் வீட்டிலும் உண்டு. அவர் கணவர் கலியமூர்த்தி ரைஸ் மில்லில் உமித் தூசியிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். இப்போது நுரையீரல் சரியில்லை. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது.

“டாக்டர் ஒரு நாளைக்குப் பதினஞ்சு மணி நேரம் வைக்கச் சொல்லியிருக்காருங்க. ஃபிரிட்ஜ்கூடக் கெடையாது எங்க வீட்டுல. கார்டைப் பாருங்க, எங்கேர்ந்து எங்க போயி நிக்குதுன்னு.”

இருநூறுக்குள் இருந்த யூனிட் ஐந்நூற்று நாற்பதுக்கு வந்திருந்தது. ஐந்நூறைத் தாண்டினால் விலையின் கணக்கே மாறிவிடும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. தளத்தைத் திறந்தேன். பெட்டிக்கு மேலே ‘மாதப் பயன்பாடு’ என்று இருந்தது. அட்டையின் கடைசி வரியில் இருந்த ஐந்நூற்று நாற்பதை அடித்தேன். பெட்டி நிறைந்தது, அடுத்த பக்கம் திறந்தது. ஐந்து கிலோவாட் பலகை வேண்டும் என்று சொல்லி மூன்று கம்பெனிகளின் விலையைக் காட்டியது. இருப்பதில் குறைந்ததைப் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

“மூணு மா நெலம் இருக்கு. அதைக் கொடுத்தாத்தான் இது ஆகும்” என்றார், தனக்குத்தானே. நான் வேறு இரண்டு கம்பெனிகளைத் தேடிப் பார்த்தேன். எல்லாம் அந்த அளவில்தான் இருந்தன. அட்டையைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குக் கொடுக்க வேண்டியதை நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கொடுத்தார்.

“பரவால்ல தம்பி. வீட்டுலயே எதையாவது கொறைச்சுக்கிறோம்.”

பாதி

மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்த நேரம். திருக்காட்டுப்பள்ளிக்காரர் ஒருவர், பல ஊர்களில் சோலார் பலகை மாட்டுகிறவர், ஏதோ பிரிண்ட் எடுக்க வந்து என் பின்னால் நின்றிருந்தார். நான் இன்னொருவருக்காக அட்டையைப் பார்த்து யூனிட்டை அடித்துக்கொண்டிருந்தேன். “இருங்கண்ணே” என்று கையை நீட்டித் திரையைத் தொட்டார். “அட்டையில இருக்கிறது ரெண்டு மாசக் கணக்கு. அவன் கேக்கிறது ஒரு மாசம். வெளி மாநிலத்துல மாசா மாசம் பில்லு போடுறான், அதை வெச்சுக் கேக்கிறான். பாதிதானே போடணும்?”

நமக்குப் பிறந்ததிலிருந்து கரண்ட் பில் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒன்றுதான். அந்தப் பெட்டியை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ‘மாத’ என்ற சொல் கண்ணில் பட்டு, மூளைக்குப் போகாமல் திரும்பியிருக்கிறது. ஐந்து கிலோவாட் என்று வந்த இடத்தில் இரண்டரை போதும். இத்தனை கம்பெனிக்காரர்கள் போன் செய்தார்களே, ஒருவர்கூடவா திருத்தவில்லை என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“பெருசா மாட்டிக்கிறேன்னா எவன்ணே வேணாம்பான்?”

ஐந்நூற்று நாற்பது

அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். சந்தானம் மட்டும் பலகை போட்டிருந்தார். “அதான் மாடியில ஒரு வேட்டி காயப்போடக்கூட எடமில்லையா?” என்று கேட்டு, மகனிடம் சொல்ல வேண்டாம் என்றார். ஜமால் பாய் ஒன்றும் போடவில்லை. போன் தொல்லையில் வெறுத்துப்போய் விட்டுவிட்டாராம். “அந்தத் தொல்லைக்கு ஒரு நன்றி” என்றார். வசந்தாவின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அவரும் அழைப்புகள் தாங்காமல் சிம்மைக் கழற்றிப் போட்டிருப்பார்.

மறுநாள் காலை வண்டியை எடுத்தேன். வசந்தாவின் அட்டையில் பார்த்த ஊர், நீடாமங்கலம் சாலையிலிருந்து உள்ளடங்கியது. பதினோரு மணி இருக்கும். வாய்க்கால் கரையில், புங்க மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. வீட்டை விசாரித்தேன். அவர்தான் கலியமூர்த்தி.

“உள்ள மெஷினு… ரெஸ்ட் எடுக்குது” என்றார். “நான் இங்க… காத்து வாங்குறேன். இதுக்கு… பில்லு இல்ல பாருங்க.”

என் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். நாற்பது அடி தூரத்தில் மூன்று முறை நின்றோம். வசந்தா என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக வெள்ளை அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். முந்நூற்றுச் சொச்சம்.

“காலைல எழுந்ததும் நிறுத்திடுவோங்க. பொழுது சாஞ்சுதான் போடுறது. அன்னைக்கு நீங்க அந்தத் தொகையைச் சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் எங்களுக்குப் புத்தி வந்துச்சு. கொறைச்சாத்தான் உண்டுன்னு. இவருக்கும் பழகிடுச்சு.”

சொன்னேன். இரண்டு மாதக் கணக்கை ஒரு மாதக் கணக்காகப் போட்டுவிட்டேன், பாதிப் பலகையே போதும், மானியம் போகப் பாதி விலைகூட ஆகாது, நிலத்தைக் கொடுக்கவே வேண்டியதில்லை. வசந்தா அட்டையை என் கையிலிருந்து வாங்கி, ஆடி மாதத்து வரியைத் தேடி அதன் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

“அப்ப பாதிதானா?”

“பாதிதாங்க.”

கலியமூர்த்தி கட்டிலில் உட்கார்ந்து மூச்சு திரும்பும்வரை காத்திருந்தார். “மில்லுல நானும் ஒரு தடவ… மூட்டையை மாத்தி எண்ணிட்டேன். மொதலாளி… அடிக்க வந்துட்டார். உங்களை அடிக்கத்தான்… எனக்குத் தெம்பு இல்ல” என்றார். சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில் மாட்டிக்கொண்டார்.

நான் போனில் தளத்தைத் திறந்து இருநூற்று எழுபது என்று அடித்தேன். விலைகளை ஒப்பிட்டுப் பார்க்க எத்தனையோ தளங்கள் இருக்கின்றன. கேட்ட கேள்வியையும் போட்ட பதிலையும் ஒப்பிட்டுப் பார்க்க என்னைத்தான் நம்பியிருந்தார்கள்.

பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.

“டீக்குச் சக்கரை போடலாம்ல தம்பி?” என்று கேட்டபடியே வசந்தா சுவரோரம் போய் ஸ்விட்சைப் போட்டார். மெஷின் முனகத் தொடங்கியது. குழாயை எடுத்துக் கணவர் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.